பீரோவுக்கு வழி சொன்ன அத்தை

எங்கள் ஊர் டவுன் ஹாலுக்கு வாசலே கிடையாது என்று வெளியூர்க்காரர்கள் சொல்வது பொய். வாசல் இருக்கிறது. பெரிதாக, மேலே ஒரு பறவை சிறகு விரித்த மாதிரி கான்கிரீட் கூரையோடு ஜம்மென்று இருக்கிறது. என்ன, அது ஐஸ் கம்பெனியின் பின்சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நடுவில் ஒரு சின்னச் சந்து. சிறகுக்குக் கீழே ஐஸ் கம்பெனி ஆட்கள் சைக்கிள் விடுகிறார்கள். சைக்கிள் நனையாமல் இருக்க இவ்வளவு அழகான கூரை வேறெங்கும் இருக்காது.

ஊர் கூடும் சதுக்கத்தைப் பார்த்து நிற்பது வெறும் சுவர். நாலு மாடி உயரம், பூச்சு இல்லாத கான்கிரீட், உச்சியில் வரிசையாகச் சின்னச் சின்ன ஜன்னல்கள். ஒரு தலை நுழையாது. என் தலை நுழையவில்லை என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற பீரோ மாதிரி இருப்பதால் ஊரில் எல்லோரும் அதைப் பீரோ என்றுதான் சொல்வார்கள். "பீரோவுக்குப் போய்ட்டு வரேன்" என்றால் ஏதோ சான்றிதழ் வாங்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

அந்தச் சுவருக்கு முன்னால், ஒரு இரும்பு நாற்காலியில், ஒரு கறுப்புக் குடைக்குக் கீழே முப்பத்தோரு வருடம் உட்கார்ந்திருந்தவள் என் அத்தை. அப்பாவின் அக்கா. எங்களோடுதான் இருக்கிறாள். அவள் வேலை, வருகிறவர்களுக்கு வாசல் எந்தப் பக்கம் என்று சொல்வது. உலகத்தில் வேறு எந்தக் கட்டடத்துக்காவது இப்படி ஒரு ஆள் இருக்கிறாரா என்று எனக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புக் கணக்கில் இரண்டு தடவை கோட்டை விட்ட எனக்குத் தெரியாதது நிறைய இருக்கிறது. ஆனால் பீரோவை ஒரு முறை சுற்றி வர நானூற்றுப் பன்னிரண்டு அடி வைக்க வேண்டும் என்பது தெரியும். எப்படித் தெரியும் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

கட்டடத்தின் கதையைச் சொல்லாமல் அத்தையின் கதையைச் சொல்ல முடியாது. ஐம்பது வருடத்துக்கும் முன்னால் பழைய டவுன் ஹால், தூணும் வளைவும் வைத்தது, ஒரு மழையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. அப்போது இருந்த மேயர் வெளிநாடு போய், தட்டைக் கூரையும் கண்ணாடியுமாக இருக்கிற கட்டடங்களைப் பார்த்துச் சொக்கிப்போய் வந்திருந்த நேரம். இனிமேல் தூண் கிடையாது, பூ வேலை கிடையாது, எல்லாம் நேர்கோடுதான் என்று சொல்லிவிட்டார். தூரத்து நகரத்திலிருந்து ஒரு கட்டடக் கலைஞர் வந்தார். வட்டக் கண்ணாடி போட்ட அந்த மனிதர் மூன்று நாள் சதுக்கத்தில் நின்று நின்று பார்த்தார். யாரிடமும் பேசவில்லை. போய்விட்டார். இரண்டு மாதம் கழித்து அவருடைய வரைபடம் வந்தது. அதில் ஒரு எழுத்துகூட இல்லை. எழுதினால் படத்தின் அழகு கெட்டுவிடுமாம். அளவுகளெல்லாம் தனிக் காகிதத்தில். எது வடக்கு என்று காட்ட மட்டும் கீழ் ஓரத்தில் ஒரு மூலையில் மிளகு அளவுக்குச் சிவப்புப் புள்ளி.

கட்டி முடித்தபோது சதுக்கத்துப் பக்கம் வெறும் சுவர் நின்றது. ஊர் வாயைப் பிளந்தது. மேயர் அசரவில்லை. திறப்பு விழாவில், "இது சுவர் அல்ல, நம் மக்கள் தங்கள் எதிர்காலத்தை எழுதிக்கொள்ள ஒரு வெற்றுப் பக்கம்" என்று பேசினார். மறுநாள் காலையில் யாரோ கரியால் எழுதியிருந்தார்கள்: இங்கே அசுத்தம் செய்யாதீர். படம் வரைந்தவர் உடம்பு சரியில்லை என்று விழாவுக்கு வரவில்லை. அதற்கப்புறமும் வரவே இல்லை.

அத்தை வேலைக்குச் சேர்ந்த கதை இது. மேலிடத்து அதிகாரி ஒருவர் சோதனைக்கு வந்து, வாசலைத் தேடிப் பீரோவை இரண்டு முறை சுற்றிவிட்டு, மூன்றாவது சுற்றில் செருப்பு அறுந்து, "இங்க ஒரு ஆளப் போடுங்கய்யா" என்று கத்தினார். போட்டார்கள், ஏழு நாளைக்கு மட்டும் என்று எழுதி. அந்தக் கத்தல் காதில் விழுந்த அன்றே அத்தை போய், அந்த வேலை எனக்குத்தான் வேண்டும் என்று நின்றாளாம். அப்போது அவளுக்கு இருபத்து மூன்று வயது. துணிக்கடையில் நல்ல வேலை வேறு இருந்தது. ஏன் இதைக் கேட்டு வாங்கினாள் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை. ஏழு நாள் ஆணையைத் திங்கட்கிழமை தோறும் புதுப்பித்துப் புதுப்பித்தே முப்பத்தோரு வருடம் ஓடிவிட்டது.

வழி சொல்வது என்ன பெரிய வேலை என்று நானும் நினைத்திருக்கிறேன். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் தெரியும். வருகிறவர்கள் வாயைத் திறப்பதற்குள் அவர்கள் எதற்கு வந்திருக்கிறார்கள் என்று அத்தைக்குத் தெரிந்துவிடும். கையில் ரசீதை விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் வரவில்லை என்று சண்டை போட வந்தவர். "வலது பக்கம், ரெண்டாவது படிக்கட்டு, மெதுவா ஏறுங்க, மூச்ச மேல போய்ச் செலவு பண்ணுங்க." தூங்காத கண்ணும் வாய் நிறையச் சிரிப்புமாக வந்தால் பிறப்புச் சான்றிதழ். "பேரு முடிவு பண்ணிட்டீங்களா, இல்ல மாடிப்படில சண்டையா?"

கை கோத்துக்கொண்டு ஜோடியாக வந்தால் கல்யாணப் பதிவு. அவர்களை மட்டும் இடது பக்கமாக, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்வாள்.

"வலது பக்கம்தானே கிட்ட, அத்தை?"

"நாலு நிமிஷம் கூட நடக்கட்டும்டி. யோசிக்க நேரம் வேணாமா?"

இதுவரை ஏழு ஜோடிகள் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்து, "அப்புறம் வரோம்" என்று போய்விட்டார்களாம். அதில் ஒரு பெண் வருடா வருடம் வந்து அத்தைக்குப் புதுக் குடை ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். நீ ஏன் கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை என்று நான் கேட்டதற்கு, "அந்த ரூமுக்குப் போற எல்லா வழியும் எனக்குத் தெரியும். அதான் போகல" என்றாள்.

இன்னொரு வகை உண்டு. காகிதத்தை நாலாக மடித்து நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். அவர்களிடம் அத்தை எதுவும் கேட்க மாட்டாள். அவர்களுக்காக மட்டும்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பாள். கூடவே நடந்து, கேன்டீன் பக்கத்துச் சின்னக் கதவு வழியாக, ஒரு படிகூட ஏறாமல், இறப்புப் பதிவு மேசைக்கு முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு வருவாள்.

இந்த வருடம் கட்டடத்துக்கு ஐம்பதாவது வருடம். புதிதாக ஒரு இன்ஜினியர் வந்தார். சின்ன வயசுப் பெண். வெயிலில் குடைக்குக் கீழே இருந்த அத்தையைப் பார்த்துவிட்டு நேராக வந்தார்.

"அம்மா, உங்கள இப்படி உட்கார வச்சிருக்கறதே இந்தக் கட்டடத்துக்கு அவமானம். இந்தச் சுவர்ல ஒரு கதவ வெட்டப் போறேன்."

"எனக்கு ஒண்ணும் அவமானமா இல்லையே."

"கதவு வந்ததும் நீங்க பம்ப் ஹவுஸ்ல பதிவேடு பாக்கலாம். அங்க ஒருத்தரும் வர மாட்டாங்க. நிம்மதி."

நல்ல மனசோடு சொன்னதுதான். ஆனால் அத்தை குளிக்கும்போதுகூடக் கதவுக்கு வெளியே இருக்கிறவர்களோடு பேசிக்கொண்டே குளிக்கிறவள். ஊருக்கு வெளியே, மோட்டார் சத்தத்துக்கு நடுவில், ஒருத்தரும் வராத இடம் என்றால் அவளுக்கு அது தண்டனை. அன்று ராத்திரி சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்லாமல் சாப்பிட்டாள். உப்பை எடுத்து ஒளித்து வைத்ததே நான்தான், அவள் கத்துவாள் என்று.

கதவு உடனே வந்துவிடவில்லை. கட்டடத்தின் அழகைக் காக்க மூன்று பேர் கொண்ட குழு ஒன்று இருக்கிறது. அதன் தலைவர் ஓய்வு பெற்ற ஓவிய வாத்தியார், எனக்குப் படம் வரைவதில் பூஜ்யம் போட்டவர். அந்தச் சுவரின் மௌனத்தைப் பற்றி நாற்பது பக்கம் எழுதியிருக்கிறார். கலைஞர் யோசித்து வைத்த சுவரில் ஓட்டை போடக் கூடாது என்று அவர் ஒற்றைக் காலில் நின்றார். இன்ஜினியர், "அசல் வரைபடத்தைக் காட்டுங்க, அதுல வெறும் சுவர்னு இருந்தா நான் தொடல" என்றார். ஆவண அறையை மூன்று நாள் கிளறினார்கள். எலிப் புழுக்கையும் ஒரு பழைய மேயரின் மூக்குக் கண்ணாடியும் கிடைத்தன. வரைபடம் கிடைக்கவில்லை. அதுவரைக்கும் இருக்கட்டும் என்று இன்ஜினியர் நாலு மூலையிலும் தகர அம்பு பலகைகளை நட்டார்.

அந்த வாரத்தில்தான் நான் அத்தையின் தகரப் பெட்டியைத் திறந்தேன். திருட இல்லை. ஒரு ரப்பர் பல்லியைப் புடவை மடிப்பில் வைக்க. நன்றாக அடியில் வைத்தால்தான் நம்புவாள் என்று எல்லாப் புடவையையும் தூக்கினேன். அடியில் விரித்திருந்த காகிதம் பளபளவென்று இருந்தது. முழுக்கக் கோடுகள். பாடப் புத்தகத்துப் படம் எதுவும் எனக்கு இதுவரை புரிந்ததில்லை, ஆனால் அந்த நடுப் படிக்கட்டைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. அதன் கைப்பிடியில் நான் எத்தனை முறை சறுக்கியிருக்கிறேன். ஒரு மூலையில் பழுப்பாக ஒரு டீ கிளாஸ் வட்டம். வட்டத்துக்கு நடுவில் சிவப்புப் புள்ளி.

புள்ளி இருப்பது வடக்கு என்றால், அதுதான் சதுக்கம் இருக்கும் பக்கம். அந்தப் பக்கத்தில் படத்தில் இருந்தது சிறகுக் கூரை.

"பாத்துட்டியா" என்றாள் பின்னால் நின்ற அத்தை. கையில் பல்லியைப் பிடித்திருந்தாள்.

"அத்தை, பீரோவ திருப்பிக் கட்டியிருக்காங்க."

"உங்க தாத்தாதான்."

தாத்தா கட்டட மேஸ்திரி என்று தெரியும். நான் பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். டவுன் ஹாலுக்கு மனை அளந்து முதல் முளைக்கட்டை அடித்தவர் அவர்தான் என்று அன்றுதான் தெரிந்தது. மனையில் வரைபடத்தை விரித்தபோது மேயரும் வந்திருந்தார். ஐஸ் கம்பெனிச் சுவர் நிழலில் நின்றார். பெரிய மனிதருக்குப் படம் தலைகீழாகத் தெரியக் கூடாதே என்று மரியாதைக்குப் படத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். காற்றில் பறக்காமல் இருக்க ஒரு மூலையில் தாத்தா தன் டீ கிளாஸை வைத்தார். சரியாகப் புள்ளி மேல். மேயர் நகரவே இல்லை. அவர் நிற்கும்போது படத்தை எப்படித் திருப்புவது? படத்தில் வாசல் மேயர் பக்கம் இருக்க, அப்படியே அளந்து, அப்படியே கட்டை அடித்துவிட்டார்கள். முதல் தளம் எழும்பி, படிக்கட்டு ஐஸ் கம்பெனியை நோக்கிக் கிளம்பியபோதுதான் தாத்தாவுக்குத் தெரிந்தது. மேயரிடம் போய்ச் சொன்னார். மேயர், "இத யார்கிட்டயும் சொல்லாத. நான் ஒரு பேச்சு தயார் பண்றேன்" என்றாராம். படத்தையும் தாத்தாவிடமே கொடுத்துவிட்டார்.

"அப்பா அதுக்கப்புறம் சதுக்கம் பக்கமே போக மாட்டார்" என்றாள் அத்தை. "சந்தைக்குப் போகணும்னாகூட ரெண்டு தெரு சுத்திப் போவார். ஜனங்க அந்தச் சுவர்கிட்ட நின்னு முழிக்கறத அவரால பாக்க முடியல. அதான் நான் போய் உக்காந்தேன்."

நான் அவள் கையிலிருந்து பல்லியை வாங்கிக்கொண்டேன்.

"இது வெளில வந்தா உங்க தாத்தா பேரு போச்சு. கதவு வரும், என் நாற்காலியும் போச்சு. வாயத் திறந்தன்னா பார்."

"நான் திறக்க மாட்டேன். ஆனா பம்ப் ஹவுஸ்?"

"படம் கிடைக்கற வரைக்கும் கதவு இல்ல. கதவு இல்லாத வரைக்கும் பம்ப் ஹவுஸ் இல்ல" என்று புடவைகளை மறுபடி அடுக்கினாள்.

அடுத்த வாரம் அவளுக்குக் காய்ச்சல். முப்பத்தோரு வருடத்தில் முதல் முறையாக நாற்காலி காலி. அம்பு போதும், ஆள் வேண்டாம் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குள் சாத்தான் விழித்துக்கொண்டான். மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரம், ஐஸ் கம்பெனிக்காரர் ஒருவரிடம் ஸ்பேனர் வாங்கினேன். வாசலைக் காட்டியது சந்தில் இருந்த ஒரே ஒரு அம்புதான். அதைக் கழற்றி, இன்னும் நேரே போ என்று மாட்டினேன். அவ்வளவுதான். இனி நாலு அம்புகளும் ஒன்றையொன்று துரத்தும். பிறகு ஐஸ் கம்பெனி மதில் மேல் ஏறி உட்கார்ந்தேன்.

அரை மணி நேரத்தில் பீரோவைச் சுற்றி ஒரு ஊர்வலம். சிறகுக் கூரையைத் தாண்டும்போதெல்லாம் அதைச் சைக்கிள் நிறுத்துமிடம் என்று நினைத்துக்கொண்டு போனார்கள். ரசீதை ஆட்டிக்கொண்டு வந்தவர் இரண்டாவது சுற்றில் அதை விசிறியாகவே பயன்படுத்தினார். முன்னால் போகிறவர்களைப் பார்த்து இதுதான் வரிசை போல என்று பின்னால் சிலர் சேர்ந்துகொண்டார்கள். "இடையில புகாதீங்க" என்று சண்டை வேறு. நான் மதில் மேல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன்.

அப்போது அந்த அம்மாவைப் பார்த்தேன். என் அம்மா வயதுதான் இருக்கும். வரிசையில் சேராமல், சுவரை ஒட்டித் தனியாக நடந்தார். முதல் சுற்றில் நான் கவனிக்கவில்லை போலிருக்கிறது. இரண்டாவது சுற்றில் முந்தானையைத் தலைக்குப் போட்டிருந்தார். மூன்றாவது சுற்றில்தான் கையைப் பார்த்தேன். காகிதம் நாலாக மடித்து நெஞ்சோடு.

மதிலிலிருந்து எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. முழங்கால் தேய்ந்தது அப்புறம்தான் தெரிந்தது. போய் அவர் கையைப் பிடித்தேன். "இப்படி வாங்க" என்று கேன்டீன் கதவு வழியாகக் கூட்டிப்போனேன். நடக்கும்போது அவரே சொன்னார்.

"யார்கிட்டயாவது கேட்டிருக்கலாம்மா. கேட்டா எதுக்கு வந்தேன்னு சொல்லணும்ல. இன்னும் நான் ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

மேசைக்கு முன்னால் உட்கார வைத்தேன். தண்ணீர் கொடுத்தேன். வெளியே வந்து அம்பைத் திருப்பி மாட்டினேன். ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டில் அத்தை போர்வைக்குள் இருந்தாள். சொல்லிவிட்டேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"எத்தன சுத்து?"

"மூணு."

"ரசீதுக்காரர் இல்ல. அந்தம்மா."

"அவங்கதான் மூணு."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிறகு, "அம்பு சரியா இருந்திருந்தாலும் அவ சுத்தியிருப்பாடி. தல குனிஞ்சு நடக்கறவளுக்கு அம்பு எங்க தெரியும்" என்றாள். பிறகு, "இனிமே எனக்குக் காய்ச்சல் வர்ற அன்னிக்கெல்லாம் இப்படித்தானா" என்றாள். என்னிடம் கேட்ட மாதிரி இல்லை.

சாயங்காலம் என்னை எழுப்பிச் சதுக்கத்துக்கு அனுப்பினாள். மூன்று சுற்று, அடியை எண்ணிக்கொண்டு. எண்ணினேன். திரும்பி வந்தபோது பெட்டி திறந்து கிடந்தது. புடவைகளெல்லாம் கட்டில் மேல். அத்தை வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, வேணாம். தாத்தா பேரு."

"அவர் இருந்திருந்தா இப்ப அவரே எடுத்துட்டுப் போயிருப்பார். என் செருப்ப எங்க ஒளிச்சு வச்சிருக்க, கொண்டா."

மறுநாள் காய்ச்சலோடு போனாள், நானும் கூடப் போனேன். இன்ஜினியர் மேசையில், குழுவின் மூன்று பேருக்கும் முன்னால் விரித்தாள். பறக்காமல் இருக்க ஓவிய வாத்தியார் தன் டீ கிளாஸை மூலையில் வைக்கப் போனார். அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, அங்க மட்டும் வேணாம். ஏற்கெனவே ஒரு தடவ வச்சாச்சு."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். கட்டை அடித்தது தன் அப்பா என்று தொடங்கி, ஒரு வார்த்தை விடாமல். இன்ஜினியர் படத்தை ஒரு முறை திருப்பினார், மறுபடி திருப்பினார். பிறகு மேசையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் எழுந்து வந்து அத்தைக்கு நாற்காலி போட்டார். ஓவிய வாத்தியார்தான் பாவம். தன் நாற்பது பக்கச் சுவர் எது என்று படத்தில் விரலால் தேடினார்.

"இந்தச் சுவருக்குப் பின்னால இருக்கறது என்ன?"

"கக்கூஸ்" என்றேன் நான்.

கதவு வெட்ட ஒரு மாதம் ஆனது. ஐம்பதாவது ஆண்டு மலரில் தாத்தாவைப் பற்றி இன்ஜினியர் ஒரு வரி எழுதினார். முதல் கட்டையை மரியாதை காரணமாக மறுபுறம் அடித்த மேஸ்திரி என்று. அத்தை அதைப் படித்துவிட்டு, "மரியாதை காரணமாகன்னு போட்டிருக்காங்க, பாத்தியா" என்று வீட்டில் எல்லோருக்கும் காட்டினாள். கதவு திறந்த அன்று காலை அவள் பம்ப் ஹவுஸுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் திரும்பி வந்து, மோட்டார் ரொம்பப் பேசுகிறது, நம்மைப் பேச விடுவதில்லை என்று மட்டும் சொன்னாள். நாலு நாள் அப்படிப் போனது. நான் பல்லியை எடுக்கவே இல்லை.

ஐந்தாம் நாள் இன்ஜினியரே வீட்டுக்கு வந்தார்.

"அம்மா, ஒரு சின்ன சிக்கல்."

சிக்கல் இதுதான். புதுக் கதவில் நுழைந்தவர்கள் வரவேற்பறைக்குப் போய்ச் சேரவில்லை. அது ஐஸ் கம்பெனிப் பக்கத்துக் கோடியில் இருக்கிறது. புதுக் கதவு திறப்பது கட்டடத்தின் பின்கட்டுக்குள். நுழைந்ததும் இடது பக்கம் கக்கூஸ், வலது பக்கம் துடைப்ப அறை, நேரே இரண்டு படிக்கட்டுகள், இரண்டும் தப்பு. முன்பு வெளியே தொலைந்தவர்கள் இப்போது உள்ளே தொலைகிறார்கள். முந்தின நாள் ஒரு பெரியவர் தண்ணீர் வரவில்லை என்ற புகாரைக் கக்கூஸ் குழாயிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"நாற்காலி அங்கயே இருக்கா?" என்றாள் அத்தை.

"எடுக்கவே இல்ல."

இப்போது அந்த இரும்பு நாற்காலி ஆறு அடி உள்ளே தள்ளி, கூரைக்குக் கீழே இருக்கிறது. குடையைப் பழக்கத்தில் கொண்டுபோய் மூலையில் சாத்தி வைக்கிறாள். ஆணை இந்த முறையும் ஏழு நாளைக்குத்தான். எதிர்ச்சுவரில் வரைபடத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அது திங்கட்கிழமை தோறும் தலைகீழாகத் தொங்குவது எப்படி என்று அலுவலகத்தில் விசாரணை நடக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது.

காகிதத்தை நாலாக மடித்து வருகிறவர்களுக்கு இப்போது பன்னிரண்டு எட்டு நடந்தால் போதும். அத்தை அந்தப் பன்னிரண்டும் கூடவே நடக்கிறாள்.

போன வாரம் ஒரு ஜோடி கை கோத்துக்கொண்டு உள்ளே வந்தது. கல்யாணப் பதிவு அறை பின்கட்டில்தான் இருக்கிறது. கக்கூஸைத் தாண்டினால் முதல் கதவு, கண்ணுக்கு நேரே தெரிகிறது. பையன் அதைப் பார்த்துவிட்டான். அத்தை அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு நொடி பார்த்தாள். பிறகு வந்த கதவையே காட்டினாள்.

"வெளில போங்க. இடது பக்கமா, தண்ணித் தொட்டியச் சுத்தி, மறுபடி இதே கதவுக்கு வாங்க."